பூட்டா, வாக்கா?

“ஒருவனுக்கு ஒருத்தி!” மேடையிலே முழங்குகிறார்கள், திரையிலே பேசுகிறார்கள், திருமணப் பந்தலிலே வாழ்த்துகிறார்கள். தமிழனின் தனிப்பண்பு இதுவென்று தோள் தட்டுவோரும் உண்டு. தட்டட்டும், தோள் அவர்களுடையது! ஆனால் அந்தத் தொடரைச் சற்றே உற்றுப் பாருங்கள், தோழர்களே. ‘ஒருவனுக்கு’ என்று தொடங்குகிறது, ‘ஒருத்தி’ என்று முடிகிறது. பெறுபவன் ஆண், பெறப்படுபவள் பெண். ‘ஒருத்திக்கு ஒருவன்’ என்று மாற்றிச் சொல்லி வாழ்த்திய பெரியவரை எந்தப் பந்தலிலே கண்டோம்? தமிழ்ப்பாடம் நடத்தும் நமக்கு அந்தக் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு கண்ணை உறுத்துகிறது. கொடைப்பொருளில் வருவது அது என்று இலக்கணம் சொல்லும். கன்னிகாதானம் என்ற சொல்லிலே உள்ள தானமும் கொடைதானே!

இந்தத் தொடரைப்பற்றி இளைஞர்களிடையே இருவகைப் பேச்சு எழுகிறது. “கடவுளைக் கேள்வி கேட்டோம், சாதியைக் கேள்வி கேட்டோம், சாத்திரத்தைக் கிழித்தெறிந்தோம். ஒருவரையே வாழ்நாள் முழுதும் காதலிக்கவேண்டும் என்ற விதியை மட்டும் ஏன் கேள்வி கேட்கக்கூடாது? அதுவும் மதம் மாட்டிய விலங்குதானே?” என்று கேட்கிறார் ஒரு தோழர். “அதைத் தொட்டால் குடும்பம் குலையும், ஒழுக்கம் அழியும், நாய் நரி வாழ்வாகிவிடும் நம் வாழ்வு” என்று பதறுகிறார் இன்னொருவர். கேட்பவரைக் கெட்டவர் என்று ஒதுக்குவதும், பதறுபவரைப் பழமைவாதி என்று ஏசுவதும் எளிது. எளிதான வேலையை எவரும் செய்வர். கேள்வியை எடைபோடும் வேலையைப் பகுத்தறிவாளர் செய்யவேண்டும்.

முதலில் வரலாற்றைக் கேட்போம். ஒருத்தியோடு வாழ்வது தமிழனின் பழம்பெரும் மரபு என்பது உண்மையா?

மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல். ஏன் ஊடுகிறாள் தலைவி? தலைவன் பரத்தை வீடு சென்று திரும்புகிறான். தோழி வாயில் மறுக்கிறாள், பாணன் தூது வருகிறான், தலைவி முகம் திருப்புகிறாள், பிறகு கதவு திறக்கிறது. பாட்டின் அழகிலே மயங்கும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவளுக்கு ஊடும் உரிமையைத் தந்தார்கள், விலகும் உரிமையைத் தரவில்லை. கோபிக்கலாம், வெளியேறக்கூடாது! அவன் போய்வரலாம், அவள் காத்திருக்கலாம்!

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். மனைவியை விட்டு மாதவியிடம் சென்ற கோவலன், கடற்கரையிலே கானல்வரி கேட்கிறான். மாதவி பாடிய பாட்டிலே வேறொருவன் நிழல் தெரிவதாக ஐயம் கொள்கிறான். கொண்டதும் எழுந்து போய்விடுகிறான். ஒருத்தியை விட்டு இன்னொருத்தியோடு வாழ்ந்தவனுக்கு, அந்த இன்னொருத்தியின் மனத்திலே இன்னொருவன் இருக்கலாம் என்ற நினைப்பைக்கூடப் பொறுக்க முடியவில்லை! கண்ணகிக்குக் கடற்கரையிலே 1968-ல் சிலை வைத்தோம். அரசனை எதிர்த்து நீதி கேட்ட வீரத்துக்காக அந்தச் சிலை என்றும் நிற்கட்டும். ஆனால் வகுப்பிலே அந்தக் காப்பியத்தை நடத்தும்போது, மாணவியரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. கண்ணகியின் கற்பை ஊரே எடைபோட்டது, கோவலனின் கற்புக்குத் தராசே செய்யப்படவில்லை.

தராசு இல்லாத காலம் நீண்டது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947-ல். இந்து ஆண் ஒருவன் மனைவி உயிரோடிருக்க இன்னொருத்தியை மணப்பதை இந்த மாகாணத்திலே சட்டம் தடுத்தது 1949-ல். அதுவரையில் எத்தனை மனைவியரைக் கொண்டாலும் கேட்பாரில்லை. ஆகவே, ஒருத்தியோடு வாழ்வதைப் பழமையின் விலங்கு என்று கருதும் தோழர் ஒன்றை எண்ணிப்பார்க்கவேண்டும். பெண்ணைப் பொறுத்தவரையில் அந்த விதி பழையது, ஆணைப் பொறுத்தவரையில் மிகப் புதியது! அவளைக் கட்டிய கயிறு ஆயிரம் ஆண்டு முதிர்ந்தது. அவனைக் கட்டிய கயிற்றுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. புதுக்கயிறு தோளிலே பட்டதும் “ஐயோ, என் விடுதலை!” என்று ஆண் அலறினால், பழங்கயிற்றின் தழும்போடு நிற்பவள் சிரிக்கமாட்டாளா?

அந்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே சிந்திக்கத்தக்கது. இந்து இருதாரத் தடுப்பு, மணவிலக்குச் சட்டம் என்பது அதன் பெயர். இரண்டு சொற்கள், ஒரே சட்டம். இரண்டாம் மணத்தைத் தடுத்த அதே கை, முதல் மணத்திலிருந்து வெளியேறும் கதவையும் திறந்தது. கதவில்லாத வீட்டிலே ஒருவனுக்கு ஒருத்தி என்றால், அந்த ஒருத்திக்கு அது வீடா, சிறையா? இந்த இரண்டையும் சேர்த்தே கேட்ட குரல் அதற்கு இருபதாண்டு முன்பே ஒலித்தது. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதி மத வேறுபாடின்றித் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், வேண்டும்போது மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமையையும், பெண்ணுக்குச் சொத்துரிமையையும் தீர்மானங்களாக்கிற்று. சேரும் உரிமை, பிரியும் உரிமை, சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பாராத உரிமை என்ற இம்மூன்றிலே ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வெறும் காகிதம்.

பிறகு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் நிறைவேறி, 1968 சனவரியிலே நடைமுறைக்கு வந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உற்றார், நண்பர் முன்னிலையில் மணமக்கள் இருவரும், இருவருக்கும் விளங்கும் மொழியிலே, ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ தாலியோ கொண்டும் முடிக்கலாம். ‘இருவருக்கும் விளங்கும் மொழி’ என்ற அந்தச் சொற்களை எண்ணி எண்ணி மகிழ்கிறோம். விளங்காத மந்திரத்தை இன்னொருவர் ஓத, தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது வாக்குக் கொடுப்பதாகுமா? விளங்கும் மொழியிலே தானே சொல்வதுதான் வாக்கு. வாக்கைக் கொடுக்கக் குறைந்தது ஒரு வாய் வேண்டும். பெண்ணுக்கு வாய் உண்டென்று மணச்சடங்கு ஒப்புக்கொண்ட நாள் அது.

ஆனால் பெண்ணைப் பொருளாகக் கருதிய மனம் சட்டப் புத்தகத்தின் வேறொரு மூலையிலே பதுங்கியிருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலே 497-ஆவது பிரிவு. ஒருவன் மனைவியோடு இன்னொருவன், அந்தக் கணவனின் இசைவோ உடந்தையோ இல்லாமல் கூடினால் ஐந்தாண்டு வரை சிறை. கணவன் இசைந்தால்? குற்றமே இல்லை! மனைவி இசைந்தாளா இல்லையா என்பது இந்தக் கணக்கிலே சேராது. கணவன் வழிதவறினால் மனைவி அந்தப் பிரிவின்கீழ் வழக்கிட முடியாது. திருட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடையவன் இசைந்தால் எடுத்தவன் திருடனல்லன், எடுக்கப்பட்ட பொருளிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. அதே கணக்கு! 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவைச் செல்லாதென்று அறிவித்தது. 2024 சூலையிலே நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது இடம்பெறவில்லை. துணைவர் துரோகம் மணவிலக்குக்குக் காரணமாகும், சிறைக்குக் காரணமாகாது என்பதே இன்றைய நிலை.

தோல் வணிகத்திலே வாழும் நம் பகுதிக்கு இதைப் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் வேண்டாம். இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எங்கும் தோலுக்கு விலை உண்டு, தரம் உண்டு, உடையவன் உண்டு. செத்த விலங்கின் தோலுக்கு உடையவன் இருக்கலாம். உயிருள்ள உடலின் தோலுக்கு, அதற்குள் வாழ்பவரைத் தவிர வேறு உடையவர் இல்லை.

இந்தச் சிறு உண்மையை மறந்ததற்கு நம் ஆம்பூர் கொடுத்த விலை என்ன? 2015-ஆம் ஆண்டு மே மாதம், ஆம்பூரிலே வேலை பார்த்துவந்த மணமான பெண்ணொருத்தியைக் காணவில்லை என்று கணவர் முறையிட்டார். ஆம்பூர் இளைஞர் ஒருவரைக் காவலர் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். அடித்துத் துன்புறுத்தினர் என்று உறவினர் குற்றஞ்சாட்டினர். அந்த இளைஞர் சூன் 26 அன்று மருத்துவமனையிலே மாண்டார். மறுநாள் இரவு ஆம்பூர் எரிந்தது. வண்டிகள் கொளுத்தப்பட்டன, காவலர் பலர் காயமுற்றனர், நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர், காவல் ஆய்வாளர் ஒருவர் பணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். பெண் ஒரு மதம், மாண்டவர் ஒரு மதம் என்பதாலே, பிணத்தின்மீதும் கொடி நாட்ட ஆட்கள் கிளம்பினர். சூலையிலே சென்னையில் அந்தப் பெண் கண்டறியப்பட்டார். தாமாகவே வெளியேறியதாகவும், கணவருடன் வாழ விருப்பமில்லை என்றும் அவர் கூறினார்.

அவருடைய மனம் எப்படிப்பட்டது, யாரோடு அவருக்கு என்ன உறவு என்று ஆராய்வது நம் வேலையல்ல. அந்த ஆராய்ச்சி வெறிதான் ஊரைக் கொளுத்தியது. நாம் கேட்பது ஒன்றே. “எனக்கு இந்த மணம் வேண்டாம்” என்று வீட்டு வாயிலிலே நின்று ஒரு பெண் அச்சமின்றிச் சொல்லக்கூடிய ஊராக நம் ஊர் இருந்திருந்தால், அவர் சொல்லாமல் போக நேர்ந்திருக்குமா? அவர் போனதைக் கடத்தல் என்றும், களவு என்றும், சதி என்றும் ஊர் எண்ணியிருக்குமா? சங்க இலக்கியத்திலே ‘உடன்போக்கு’ என்று அழகாகப் பெயர் வைத்தோம். நம் தெருவிலே ஒருத்தி போனால் ‘ஓடிப்போனவள்’ என்கிறோம். தனியே போனாலும் அதே பெயர்தான்! பெண்ணின் காலுக்குத் தானே நடக்கும் ஆற்றல் உண்டென்றே நாம் நம்பவில்லை.

பழமைவாதிகளை மட்டும் குறைசொல்லி நழுவமாட்டோம். 1949-ல் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது இயக்கமே இரண்டாகப் பிளந்தது. வயது பேசப்பட்டது, வாரிசு பேசப்பட்டது, இயக்கத்தின் எதிர்காலம் பேசப்பட்டது. அவை பேசத்தகாதவை என்று சொல்லவில்லை. ஆனால் வேலூரிலே பிறந்து, வயது நிரம்பி, தம் விருப்பத்தைத் தாமே சொல்லக்கூடிய அந்த அம்மையாரின் முடிவு அந்தச் சொற்போரிலே எவ்வளவு இடம் பெற்றது? பெண்ணைக் கேட்காமல் பெண்ணைப்பற்றி முடிவுகட்டும் நோய், பகுத்தறிவுச் சட்டை போட்டவரையும் தொற்றும்!

இனி, விடுதலையின் பெயரால் எழும் கேள்விக்கு வருவோம். செங்கற்பட்டு மாநாடு நடந்த அதே 1929-ல் பெர்ட்ரண்ட் ரசல் ‘திருமணமும் ஒழுக்கமும்’ என்ற நூலை வெளியிட்டார். அச்சத்தின்மீதும் பொறாமையின்மீதும் கட்டப்பட்ட ஒழுக்கத்தைச் சாடினார். அதற்காக 1940-ல் நியூயார்க் நகரக் கல்லூரியிலே பாடம் சொல்ல அவரைத் தகாதவர் ஆக்கினர். அதே 1929-ல் பாரிசிலே சிமோன் த பொவாரும் ழான் பால் சார்த்தரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தமக்குள் அடிப்படைக் காதல், வெளியே வேறு காதல்களுக்கும் தடையில்லை, ஒளிவுமறைவு மட்டும் கூடாது! சமமான இருவர், அறிந்தே செய்த ஒப்பந்தம். பெண்ணடிமையைத் தோலுரித்துக் காட்டிய ‘இரண்டாம் பாலினம்’ நூலை 1949-ல் எழுதியவர் அந்த பொவார். அவரைப் பழிக்க நமக்குத் துணிவில்லை, தேவையுமில்லை. ஆனால் அவர்களுடைய வட்டத்திலே இளம் மாணவியாக நுழைந்த பியான்கா லாம்பிளின், முதுமையிலே, 1993-ல் வெளியிட்ட நினைவு நூலிலே தம் காயத்தை எழுதினார். இருவர் செய்த ஒப்பந்தத்திலே மூன்றாமவரின் கையெழுத்து இல்லை, விலையிலே மட்டும் பங்கு இருந்தது!

இதிலிருந்து கிடைக்கும் உரைகல் எளிது. நீ கேட்கும் விடுதலையை உன் துணைக்கும் தருவாயா? தரும்போது அவள் அதை ஏற்கவும் மறுக்கவும் உண்மையிலே வல்லவளா? உங்கள் இருவருக்கும் வெளியே நிற்பவர் எவரேனும் உங்கள் விடுதலைக்கு விலை கொடுக்கிறாரா? ‘சின்ன வீடு’ வைத்திருக்கும் பெரிய மனிதரிடம் இந்த உரைகல்லை நீட்டுங்கள். “தனிமனித உரிமை” என்று தத்துவம் பேசுவார். “சரி ஐயா, உங்கள் மனைவிக்கும் அந்த உரிமை உண்டா?” என்று கேளுங்கள். தத்துவம் பறந்துபோகும், கத்தி வந்துவிடும்! ஒருவரின் பூட்டிய கதவின்மேல் ஏறி நின்று இன்னொருவர் அனுபவிக்கும் விடுதலை, விடுதலையல்ல. ஆண்டைத்தனம் அது.

மதத்தைக் காட்டித் தப்பவும் வழியில்லை. இசுலாமியச் சட்டம் ஆணுக்கு நான்கு மனைவியர் வரை இடம் தருகிறது. ஆனால் 1939-ஆம் ஆண்டு மண முறிவுச் சட்டம், பல மனைவியரை உடையவன் ஒருத்தியைச் சமமாக நடத்தாவிட்டால் அவள் நீதிமன்றம் சென்று விலகலாம் என்கிறது. இந்துவுக்கோ 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் மணத்தையே தடுக்கிறது. தடுத்தபின்னும் சின்ன வீடுகள் இருக்கின்றனவே! எண்ணிக்கையைச் சட்டம் எழுதலாம். சமத்துவத்தை இருவரும் நாள்தோறும் எழுதவேண்டும்.

அப்படியானால் ஒருவரோடு ஒருவராக வாழ்வதற்கு என்ன நியாயம்? கடவுள் கட்டளை என்ற நியாயம் நமக்கு உதவாது. ஊர் ஏசும் என்ற நியாயம் கோழையின் நியாயம். நாம் சொல்வது வேறு. மனிதன் தன்னைத் தானே கட்டிக்கொள்ள வல்லவன். இரவெல்லாம் கண்விழித்து நோயாளியைக் காப்பதாக வாக்களிக்கும் நண்பனை அடிமை என்கிறோமா? வாக்குக் கொடுக்கும் ஆற்றலும் விடுதலையின் ஒரு பகுதியே. அடிமையால் வாக்குக் கொடுக்க முடியாது, கட்டளைக்குக் கீழ்ப்படியவே முடியும். பூட்டுக்கும் வாக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பூட்டின் சாவி பிறர் கையிலே, வாக்கின் சாவி கொடுத்தவர் கையிலே. சாவி கையில் இருந்தும் திறக்காமல் இருப்பவரின் உண்மைக்கே மதிப்பு. பூட்டிய அறையிலே இருப்பவளைக் கற்புக்கரசி என்று புகழ்வது, கூண்டுக்கிளியை ஊர்ப்பற்றுள்ள கிளி என்று புகழ்வதை ஒக்கும்!

“நாளை என் மனம் மாறாதென்று இன்று எப்படி உறுதி கூறுவது?” என்பார் தோழர். நல்ல கேள்வி. மனத்தை எவரும் உறுதி கூற முடியாது, கூறினால் பொய். நடத்தையை உறுதி கூறலாம். “உன்னை ஏமாற்றமாட்டேன். மனம் மாறினால் ஊர் அறியுமுன் நீ அறிவாய். உன்னை வைத்துக்கொண்டே இன்னொரு வாழ்வை மறைவிலே நடத்தமாட்டேன். பிரிந்தாலும் பிள்ளைகளின் பொறுப்பிலிருந்து விலகமாட்டேன்.” இவை காக்கக்கூடிய வாக்குகள். காதல் அணைந்த வீட்டிலே இருவரையும் கட்டிவைத்துப் புகையவிடுவது ஒழுக்கமாகாது. இருவரும் இசைந்து பிரியும் வழி 1976 முதல் இந்து மணச் சட்டத்திலேயே உண்டு. மானத்தோடு பிரிவதும் வாக்கைக் காப்பதிலே சேரும்.

“மூவரும் அறிந்து, மூவரும் இசைந்தால்?” என்று மேலும் கேட்பவருண்டு. வயது வந்தோரின் படுக்கையறைக்குள் காவலரை அனுப்பச் சொல்லமாட்டோம். ஆனால் இசைவு என்ற சொல்லை ஆராய்வோம். அந்தப் பெண்ணுக்குச் சொந்த வருவாய் உண்டா? வெளியேறினால் தலைசாய்க்க இடமுண்டா? இரண்டுமில்லாமல் ‘சரி’ என்றாளென்றால், இசைந்தது அவள் வயிறு, மனமன்று. நம் நாட்டிலே பெரும்பாலான ‘சரி’களின் கதை அதுதான். அந்தக் கதை மாறும்வரை, ஒருவருக்கொருவர் என்ற சம வாக்கே பெண்ணுக்குப் பாதுகாப்பும், ஆணுக்குப் பயிற்சியும் ஆகும்.

மாற்றத்தின் தொடக்கத்தை நம் கண்ணெதிரே காண்கிறோம். விடியற்காலையிலே சிற்றூர்தோறும் கம்பெனிப் பேருந்துகள் நிற்கின்றன. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி, ‘ஷூ கம்பெனி’களுக்குச் சென்று, தைத்து, ஒட்டி, மெருகிட்டு, மாலையிலே திரும்புகிறார்கள். கூலி குறைவு, உழைப்பு மிகுதி, அதற்கான போராட்டம் வேறு. ஆனால் அந்தக் கூலி அவர்கள் கையிலே இருக்கும் சாவி. அது கண்டே பலருக்கு அச்சம். வாயிலிலே நின்று யாரோடு பேசுகிறாள் என்று நோட்டமிடும் அண்ணன், கைப்பேசியைப் பிடுங்கி யார் அழைத்தாரென்று துருவும் கணவன், “என்னைத் தவிர எவனையும் பார்க்காதே” என்று மிரட்டுவதையே காதலின் உச்சம் என எண்ணும் இளைஞன், கூலியை வாங்கிக்கொண்டு சாவியைப் பறிக்கும் குடும்பம், இவர்கள் எல்லாம் ஒரே பூட்டுக் கடையின் ஊழியர்கள்! வயது வந்த இருவர் இசைந்தால் குடும்பத்தின் ஒப்புதலோ சாதியின் ஒப்புதலோ ஊரின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலே தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு தில்லியிலே இருக்கிறது. பூட்டு நம் தெருவிலே தொங்குகிறது.

இளைஞர்களே! கொடியேந்துவது எளிது, கூட்டத்திலே கை தட்டுவது எளிது. வீட்டிலே தொடங்குங்கள். தங்கை தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தால் துணை நில்லுங்கள். விலகவேண்டும் என்று ஒருத்தி வந்தால், “சகித்துப் போ” என்ற பழைய பல்லவியைப் பாடாமல் உட்கார வைத்துக் கேளுங்கள். காதலிப்பவளின் கைப்பேசியைச் சோதிக்கும் கையைச் சுருக்குங்கள். அவளிடம் எதிர்பார்க்கும் உண்மையை நீங்கள் முதலில் கொடுங்கள். அதன்பின் நாற்பது பேர் கூடியிருக்க, விளங்கும் மொழியிலே, நிமிர்ந்து நின்று வாக்குக் கொடுங்கள். போக வழியிருந்தும் போகாத இருவர் சேர்ந்து வாழும் வாழ்வுக்குப் பெயர்தான் காதல் வாழ்வு. அந்த வாழ்வை வாழ்ந்து காட்டுவோர் நூறுபேர் நம் பாலாற்றங்கரையிலே இருந்தால் போதும். எரிப்பதற்குக் காரணம் தேடி வருவோர் வெறுங்கையோடு திரும்புவர்!